எய்தவன் இருக்க அம்பை நோவதா?

கஞ்சாச் சட்டச் சீர்திருத்தம் பற்றிய கலந்துரையாடற் பாடம்

எமது கிராமக் கூட்டங்களில் காணி விடுவிப்பு, வீட்டுத்திட்டம், கிணறு துப்புரவு, விதை வெங்காயம் என்று எதைப் பற்றியும் தயக்கமின்றிப் பேசுகின்றோம். ஆனால் ஒரு சொல் வந்தவுடன் கூட்டம் மௌனமாகிவிடுகின்றது. அச்சொல் ‘கஞ்சா’. பிள்ளை பிடிபட்ட வீட்டார் வெட்கத்தால் வாய் திறப்பதில்லை. பிடிபடாத வீட்டார் பயத்தால் வாய் திறப்பதில்லை. பேசாத நோய் குணமாகாது. ஆகவே இம்முறை இதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கஞ்சா நல்லது என்றோ, அதனைக் கடையில் விற்க விடவேண்டும் என்றோ இப்பாடம் கூறவில்லை. இப்போதுள்ள சட்டம் யாரைத் தண்டிக்கின்றது, யாரைத் தப்பவிடுகின்றது, அதனைத் திருத்தும்படி புதிய அரசாங்கத்திடம் நாம் எதைக் கேட்கவேண்டும் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

1. ஒரு குடும்பத்தின் நிலை

இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்கள். சொந்தத் தோட்டம் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுவிட்டது. தகப்பன் பிறர் காணியில் கூலிக்குக் கொத்துகிறார். நலன்புரி நிலையத்தில் பிறந்த மகனுக்கு வயது இப்போது இருபதைத் தாண்டிவிட்டது. படிப்பு இடையில் நின்றுவிட்டது. கையில் தொழில் இல்லை.

ஒருநாள் அறிமுகமான ஒருவர் வருகிறார். “கரையில் ஒரு மூட்டை கிடக்கும். எடுத்துவந்து வீதியில் நிற்கும் வாகனத்தில் ஏற்றிவிடு. வேறொன்றும் செய்யவேண்டாம்” என்கிறார். ஒரு இரவுக்கு அவர் தருவதாகச் சொல்லும் பணம் தகப்பனின் பலநாட் கூலியை விட அதிகம். பிள்ளை போகிறான். மூன்றாம் முறை பிடிபடுகிறான்.

அடுத்து நடப்பதை நீங்கள் அறிவீர்கள். விளக்கமறியல் தவணை தவணையாக நீடிக்கப்படுகின்றது. தாயின் நகை அடைவுக்குப் போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் தகப்பன் ஒருநாட் கூலியை இழக்கிறார். மூட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்பது பிள்ளைக்குத் தெரியாது. அவரோ அடுத்த வாரம் இன்னொரு பிள்ளையைத் தேடிக்கொள்கிறார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று எம் முன்னோர் கேட்டார்கள். இன்றைய நடைமுறையில் அம்புதான் சிறைக்குப் போகிறது.

2. கடல் கடந்து வரும் இலை

வடக்கில் பிடிபடும் கஞ்சாவைச் செய்தித்தாள்கள் ‘கேரள கஞ்சா’ என்று எழுதுகின்றன. ஆனால் அதிற் பெரும்பகுதி கேரளத்தில் விளைவதல்ல. இந்தியாவின் ஆந்திர, ஒடிசா எல்லை மலைப்பகுதிகளில் விளைந்து, தரைவழியாகத் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து, அங்கிருந்து படகில் பாக்குநீரிணையைக் கடக்கின்றது. மாதகல், வடமராட்சி, தீவகம், மன்னார்க் கரைகளில் கடற்படையும் பொலிசாரும் மூட்டை மூட்டையாகக் கைப்பற்றும் செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. ஒருகாலத்தில் இதே கடல்வழியாக எமது இலை அங்கே போனது. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவாங்கூர் நாடு பெரிய சந்தையாக இருந்தது. ‘மலையாளப் புகையிலை’ என்றே ஒரு வகையை எம்மவர் பதப்படுத்தினார்கள். அந்த வருமானத்தில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தார்கள். திருவாங்கூர் அரசு வரி, ஏகபோகம் என்று தன் கொள்கையை மாற்றியபோதெல்லாம் இங்கே வலிகாமத்துக் கமக்காரனின் அடுப்பும் ஏறி இறங்கியது.

இதிலிருந்து நாம் படிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு பயிர் வாழவைப்பதும் கெடுப்பதும் மண்ணால் மட்டும் அல்ல, சட்டத்தாலும் சந்தையாலும். 1970களின் தொடக்கத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது எமது தோட்டங்கள் செழித்தன. 1977இன் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்தது. மண் அதே செம்மண்தான். மாறியது கொழும்பில் எழுதப்பட்ட கட்டளை.

3. சட்டம் எங்கிருந்து வந்தது?

கஞ்சா எமது நாட்டில் தொன்றுதொட்டுக் குற்றமாக இருந்த பொருள் அன்று. சித்த, ஆயுள்வேத வைத்தியர்கள் அதனைச் சுத்திசெய்து மருந்திற் சேர்த்தார்கள்.

இந்தியாவில் பிரித்தானிய ஆட்சியாளர் 1893இல் ஒரு விசாரணைக்குழுவை நியமித்தனர். நாடெங்கும் சாட்சியம் பெற்ற அக்குழு 1894இல் அறிக்கை அளித்தது. அளவான பாவனையாற் பெருங்கேடு இல்லை, முழுத் தடை வேண்டாம், அனுமதியும் வரியும் கொண்டு கட்டுப்படுத்தலாம் என்பதே அதன் முடிவு. ஆனால் உலக அரசியல் வேறு திசையிற் போயிற்று. 1925இல் ஜெனீவாவில் நிறைவேறிய அபின் உடன்படிக்கையில் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. அதன்பின் இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க, நஞ்சுகள், அபின், அபாயகரமான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் பிறந்தது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கடந்தும் இன்றுவரை அடிப்படைச் சட்டம் அதுவே. அனுமதிப்பத்திரம் இன்றிக் கஞ்சாச் செடியை நடுவதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றமாகும்.

1961இல் ஐக்கிய நாடுகளின் தனி உடன்படிக்கை கஞ்சாவை ஹெரோயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலிலும் வைத்தது. இலங்கையில் 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் ஹெரோயின், கொக்கெயின், மோர்பின், அபின் ஆகியவற்றைக் குறித்த அளவுக்கு மேல் கடத்துவோருக்கு மரண தண்டனை அல்லது ஆயுட் சிறை விதித்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம் ‘ஐஸ்’ எனப்படும் போதைப்பொருளையும் அந்தப் பட்டியலிற் சேர்த்தது. 1976இன் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தண்டனை கூடிக்கொண்டே வந்தது. கடத்தல் குறைந்ததா? உங்கள் கரையோரத்தைக் கேட்டுப் பாருங்கள். கஞ்சா மூட்டை பெரியது, மணக்கும், ஒளிப்பது கடினம். ‘ஐஸ்’ சிறிய பொட்டலம், மணமில்லை, சட்டைப்பைக்குள் அடங்கும். எல்லாவற்றையும் ஒரே தடியால் அடித்தால், ஒளிப்பதற்கு இலகுவானதும் உயிருக்குக் கூடிய ஆபத்தானதுமான சரக்குக்கு வியாபாரி மாறுவான். இது கமக்காரருக்கு விளங்காத கணக்கு அல்ல. ஒரே பூச்சிகொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அதற்குச் சாகாத பூச்சிதான் மிஞ்சும்.

4. கேடும் மருந்தும்

கஞ்சாவில் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தன்மையான சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டை அறிந்துகொள்வது போதும். ரி.எச்.சி. என்பது மயக்கம் தருவது. சி.பி.டி. என்பது அந்த மயக்கத்தைத் தராதது.

கேட்டை முதலிற் பார்ப்போம். கஞ்சா பாவிப்பவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இளவயதில் தொடங்குவோருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையின் நினைவாற்றலையும் கவனத்தையும் அது பாதிக்கின்றது. மனப்பிறழ்வு நோய்க்கான சாத்தியம் உள்ளவர்களில் அதனைத் தூண்டிவிடவும் கூடும். போரையும் இழப்பையும் பார்த்த எமது சமூகத்தில் உறக்கமின்மைக்கும் மனச்சுமைக்கும் பலர் தாமே மருந்து தேடுகிறார்கள். சிலர் சாராயத்திலும் சிலர் கஞ்சாவிலும் தேடுகிறார்கள். இரண்டும் சுமையை இறக்குவதில்லை. சற்று மறக்கச் செய்து பின்னர் இரட்டிப்பாக ஏற்றிவிடுகின்றன.

இனி மருந்துப் பக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் கடும் வாந்தியைத் தணிக்க, ரி.எச்.சி. சார்ந்த மருந்துகள் மேல்நாடுகளில் 1980களிலிருந்து பாவனையில் உள்ளன. சிறுவரைத் தாக்கும் சிலவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தை அமெரிக்கா 2018இல் அங்கீகரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையின் பேரில், 2020 டிசெம்பர் 2ஆம் நாள் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழு கஞ்சாவை அந்த மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியது. ஆதரவாக 27 வாக்குகள், எதிராக 25. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. கஞ்சா இன்னமும் சர்வதேசக் கட்டுப்பாட்டின் கீழ்தான் உள்ளது. ஆனால் அதற்கு மருத்துவப் பயன் உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இலங்கையில் சுதேச மருந்துக்கு வேண்டிய கஞ்சா நீண்டகாலமாக எப்படிக் கிடைத்தது தெரியுமா? பொலிசார் கைப்பற்றி, வழக்கு முடிந்தபின் நீதிமன்றம் விடுவிக்கும் சரக்கிலிருந்து. பல மாதங்களாக, சிலவேளை ஆண்டுகளாகக் களஞ்சியத்திற் கிடந்து பழுதான இலை அது. என்ன நிலத்தில் விளைந்தது, என்ன நஞ்சு தெளிக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. இதற்காகவே 2017, 2018ஆம் ஆண்டுகளில் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன இங்கிரியவில் மருத்துவத் தேவைக்கான தோட்டம் ஒன்றைப் பற்றிப் பேசினார். பேச்சு பேச்சாகவே நின்றது. கைதடியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வி நடைபெறுகின்றது. அங்கு பயின்று வெளியேறும் வைத்தியருக்குத் தரமான மூலப்பொருள் கிடைப்பதற்கு வழி வேண்டாமா?

5. மீரிகமவில் முதலீட்டாளர், சேனையில் கைதி

2022 நவம்பரில் சமர்ப்பித்த வரவுசெலவுத் திட்டத்தில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஏற்றுமதிக்கான கஞ்சாச் செய்கை பற்றி ஆராய நிபுணர் குழு ஒன்று அமைக்கப்படும் என்றார். 2024 செப்ரெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அதே ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. மாற்றம் வரும் என்று எம் மக்கள் போட்ட வாக்குகளும் அதற்குள் உண்டு.

அந்த அரசாங்கத்தின் காலத்தில், 2025இல், மீரிகமவில் முதலீட்டுச் சபையின் கீழ் 64 ஏக்கரில் ஏற்றுமதிக்கு மட்டும் மருத்துவக் கஞ்சா செய்வதற்கு ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் பல மில்லியன் டொலர் முதலிட வேண்டும் என்பது நிபந்தனை. வைத்திய அமைப்புகளும் மதுபான, போதைப்பொருள் எதிர்ப்பு அமைப்புகளும் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தன.

இத்திட்டம் நல்லதா கெட்டதா என்பதைச் சற்று ஒருபுறம் வைப்போம். ஒரு கேள்வியை மட்டும் கேட்போம். மொனராகலைக் காட்டோரச் சேனையில் ஓர் ஏழை கஞ்சா நட்டால் விலங்கு. மீரிகமவில் டொலரோடு வருபவர் நட்டால் அனுமதிப்பத்திரம். ஏற்றுமதிக்கென்றால் மருந்து, ஏழையின் கையிலென்றால் குற்றம். சட்டம் செடியைப் பார்க்கின்றதா, நட்டவனின் பணப்பையைப் பார்க்கின்றதா?

முதலீட்டாளருக்காகக் கதவைத் திறக்க அரசால் முடியுமென்றால், இச்சட்டம் தொடமுடியாத கல்வெட்டு அல்ல என்பது நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் கைதான பிள்ளைகளுக்காகவும், நோயாளருக்காகவும், சிறு கமக்காரருக்காகவும் அதனைத் திருத்தலாம்.

6. பிற நாடுகள் தரும் படிப்பினை

போர்த்துக்கல் 2001இல் ஒரு மாற்றம் செய்தது. சொந்தப் பாவனைக்கான சிறிய அளவுடன் பிடிபடுபவர் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வைத்தியத் துறையினரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவின் முன் போகிறார். கடத்தல் தொடர்ந்தும் குற்றம்தான். பாவனை கட்டுக்கடங்காமற் பெருகும் என்று பயந்தார்கள். அப்படி நடக்கவில்லை.

இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அளவைப் பார்த்துத் தண்டிக்கின்றது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. இரண்டுக்கும் தண்டனை வெகுவாக வேறுபடும்.

தாய்லாந்து 2022 யூன் மாதம் கஞ்சாவைப் போதைப்பொருட் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் முறையான சட்டத்தை முன்கூட்டி எழுதவில்லை. கடைகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. பயிரிட்டவர்கள் பெருகியதால் விலை விழுந்தது, சிறு கமக்காரர் நட்டமடைந்தனர். 2025 யூனில் வைத்தியரின் சீட்டு இன்றி விற்கக்கூடாது என்று மீண்டும் இறுக்கினார்கள். வேலி போடாமற் படலையைத் திறந்தால் வருவது இதுதான்.

மொறொக்கோ நாட்டின் அனுபவம் எமக்கு மிக நெருக்கமானது. அங்கே றீஃப் மலைப்பகுதியில் ஏழைக் குடும்பங்கள் தலைமுறையாகக் கஞ்சாவைக் களவாகப் பயிரிட்டு, பொலிசுக்கும் கடத்தற்காரருக்கும் இடையில் நசுங்கினார்கள். 2021இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவ, கைத்தொழில் தேவைக்கு மட்டும், குறிப்பிட்ட மூன்று மாகாணங்களில் மட்டும், அந்த மண்ணின் கமக்காரர் மட்டும், அதுவும் கூட்டுறவுச் சங்கங்களில் இணைந்து பயிரிடலாம் என்றது. 2024 ஓகஸ்டில் கஞ்சாப் பயிர் வழக்குகளில் தண்டிக்கப்பட்ட அல்லது தேடப்பட்ட 4,831 பேருக்கு மன்னர் மன்னிப்பு அளித்தார். பயத்தில் ஒளிந்து வாழ்ந்த குடும்பங்கள் ஊர் திரும்ப வழி பிறந்தது.

வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. எமது பனைமரத்தைப் பாருங்கள். கள்ளிறக்கும் தொழிலாளி ஒருகாலத்தில் தவறணைக் குத்தகைக்காரரின் தயவிலும் கலால் அதிகாரிகளின் பயத்திலும் வாழ்ந்தார். 1970களின் தொடக்கத்தில் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டபோது அவர் அங்கத்தவரானார், சேமிப்புப் பெற்றார், தலை நிமிர்ந்தார். மரம் அதே மரம். சட்டமும் அமைப்பும் மாறியபோது மனிதரின் நிலை மாறியது. அதேவேளை குடியால் அழிந்த குடும்பங்களும் எம் கண்முன் உண்டு. இரண்டையும் மறவாமல் பேசுவதே நேர்மை.

7. புதிய அரசாங்கத்திடம் நாம் கேட்பவை

(அ) பாவிப்பவரையும் கடத்துபவரையும் பிரியுங்கள். சொந்தப் பாவனைக்கான அளவு எது என்பதைச் சட்டத்தில் எழுதுங்கள். அந்த அளவுக்குட்பட்டவரை விளக்கமறியலுக்கு அல்ல, ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் அனுப்புங்கள். அவர் பெயரில் வாழ்நாள் முழுதும் தொடரும் குற்றப் பதிவு வேண்டாம்.

(ஆ) சிகிச்சையைச் சுகாதாரத் துறையிடம் கொடுங்கள். போதைக்கு அடிமையானவர்களுக்கான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயப் புனர்வாழ்வுக்கு வழிசெய்தது. இராணுவப் பொறுப்பில் இருந்த கந்தக்காடு நிலையத்தில் 2022இல் ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும் எல்லோரும் அறிந்தவை. சீருடையைக் கண்டு நடுங்கி வளர்ந்த எமது பிள்ளைகள் சீருடையினரிடம் மனம் திறக்கமாட்டார்கள். வடக்கிலேயே, தமிழிற் பேசும் தாதியரும் உளவளத்துணையாளரும் உள்ள நிலையங்கள் வேண்டும்.

(இ) வழக்குகளைத் தாமதியாதீர்கள். பகுப்பாய்வாளர் அறிக்கை வரும்வரை மாதக்கணக்கில் மறியலிற் கிடப்பது தீர்ப்புக்கு முன் தண்டனையாகும். நாட்டின் சிறைகள் அண்மைய ஆண்டுகளிற் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நிரம்பி வழிந்தன. அவர்களிற் பெருந்தொகையினர் போதைப்பொருள் வழக்குகளிற் சிக்கியோர். 2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையிற் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் கைதானார்கள். 2024 சனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் அதனைக் கண்டித்தார்கள். அந்தப் பாதைக்கு மீளவேண்டாம்.

(ஈ) எய்தவனைத் தேடுங்கள். படகுக்கும் சரக்குக்கும் பணம் கொடுத்தவர் யார், அப்பணம் எந்தக் கட்டடமாக, எந்த வாகனமாக மாறியது என்று தொடருங்கள். குற்றச்செயல்களால் வந்த சொத்தைக் கைப்பற்றுவதற்கு 2025இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியுள்ளது. அதனைக் கரையில் மூட்டை சுமக்கும் பிள்ளையின் துவிச்சக்கரவண்டி மீதல்ல, முதலாளியின் சொத்து மீது பிரயோகியுங்கள்.

(உ) சுதேச மருந்துக்குத் தரமான, பரிசோதிக்கப்பட்ட மூலப்பொருளை வழங்குங்கள். புற்றுநோயாளருக்கும் வலிப்பு நோயுள்ள சிறுவருக்கும் வேண்டிய மருந்துகளை வைத்தியரின் பொறுப்பில் கிடைக்கச் செய்யுங்கள்.

(ஊ) மருத்துவத் தேவைக்கான செய்கை தொடருமாயின், அதிற் சிறு கமக்காரரின் கூட்டுறவுக்கு இடம் உண்டா என்பதை வெளிப்படையாக ஆராயுங்கள். ஆனால் அதன் பெயரால் மக்களின் காணி ஓர் அங்குலமேனும் எடுக்கப்படலாகாது. இடம்பெயர்ந்தோரின் காணி முதலிற் காணிக்காரரிடம் திரும்பட்டும். அதில் என்ன நடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

(எ) சட்ட வரைவைத் தமிழிலும் வெளியிட்டு, கமக்காரர் அமைப்புகள், மாதர் சங்கங்கள், கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆகியவற்றின் கருத்தைக் கேளுங்கள்.

8. ஒரு மறுப்பும் விடையும்

“சட்டத்தைத் தளர்த்தினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமானதே. அந்த அச்சத்தை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் நாம் கேட்பது விற்பனையைத் திறந்துவிடுவதை அல்ல. பள்ளிக்கூட வாசலில் விற்பவனுக்குக் கடும் தண்டனை தொடரட்டும். கேட்பது, வழிதவறிய பிள்ளை திரும்பி வருவதற்கு ஒரு வாசல். இன்றைய சட்டத்தின் கீழ் முதன்முறை புகைத்த பிள்ளையும், பல ஆண்டு கடத்தியவனும் ஒரே சிறைக் கூண்டுக்குள் சந்திக்கிறார்கள். வெளியே வரும்போது அந்தப் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வருவான் என்பதைப் பெற்றோரே சிந்திக்கட்டும்.

9. சட்டம் மாறும்வரை நாம் செய்யவேண்டியவை

• கஞ்சா நடுவதும் வைத்திருப்பதும் இன்றும் குற்றம். “சட்டம் மாறிவிட்டது, நீங்களும் நடலாம்” என்று தரகர் எவரும் வந்தால் நம்பாதீர்கள். மீரிகம அனுமதி குறித்த சில நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது.

• பிறர் தரும் பொதியை உள்ளே என்னவென்று பாராமல் வீட்டிலோ தோட்டக் கொட்டிலிலோ வைக்க இடங்கொடாதீர்கள். விடுவிக்கப்பட்டும் இன்னும் குடியேறாத காணிகளுக்கும் பாழடைந்த வீடுகளுக்கும் அடிக்கடி போய் வாருங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், தனியே போகாமல், கிராம அலுவலரையும் அழைத்துக்கொண்டு அறிவியுங்கள்.

• எவராவது கைதானால் காரணத்தைக் கேட்டறியும் உரிமை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் உண்டு. எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணி, எந்த அதிகாரி என்பவற்றைக் குறித்துவைத்து, குடும்பத்தவர் உடனே அங்கு செல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் இடவேண்டாம்.

• சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தை நாடலாம். அடி, சித்திரவதை நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம்.

• பிள்ளை பாவிக்கிறான் என்று தெரிந்தால் அடித்துத் துரத்தாதீர்கள். வீட்டைவிட்டுப் போகும் பிள்ளையை ஏற்றுக்கொள்ள அந்த மூட்டைக்காரர்தான் காத்திருக்கிறார். இருந்து பேசுங்கள். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். இது நோய், அவமானம் அன்று.

• பிடிபட்டவரின் வீட்டை ஊர் ஒதுக்கி வைக்கவேண்டாம். அந்த வீட்டுக்கு யாராவது ஒரு நேரச் சோற்றோடு போகட்டும். மறியலால் திரும்பிய பிள்ளைக்குத் தோட்டத்தில் ஒருநாள் வேலை கொடுக்க ஒருவராவது முன்வரட்டும். வேலை கிடைத்தவனைக் கரைக்கு அழைப்பது கடினம்.

10. கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் இளைஞர் சுமைகாரராவதற்கு முதற் காரணம் என்ன? வறுமையா, வேலையின்மையா, காணியின்மையா, வேறேதுமா?

2. ‘பாவிப்பவர்’, ‘சுமப்பவர்’, ‘முதலிடுபவர்’ ஆகிய மூவருக்கும் ஒரே தண்டனை நியாயமா? நீங்கள் நீதவானாயின் என்ன செய்வீர்கள்?

3. புகையிலை, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றில் அரச கொள்கை மாறியபோது உங்கள் குடும்பம் பெற்ற அனுபவம் என்ன? மூத்தோர் சொல்ல, இளையோர் எழுதிக்கொள்ளட்டும்.

4. மருத்துவக் கஞ்சாச் செய்கை ஒருநாள் எமது மாவட்டத்துக்கு வருமானால், அதனை ஏற்பதா மறுப்பதா? எந்த நிபந்தனைகளுடன்?

5. மறியலிலிருந்து திரும்பும் ஒருவருக்கு எமது கமக்காரர் அமைப்பு என்ன செய்யலாம்?

விடைகளை ஒருவர் தெளிவாக எழுதட்டும். மேலே 7ஆம் பகுதியில் உள்ள கோரிக்கைகளில் உங்கள் குழு ஏற்பவற்றைத் தெரிந்து, உங்கள் ஊர் அனுபவத்தையும் சேர்த்து ஒரு மனுவாக்குங்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு ஆகியவற்றின் தலைவர், செயலாளர் கையொப்பமிட்டு, நீதி அமைச்சருக்கும் சுகாதார அமைச்சருக்கும் எமது மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மூன்று மாதத்துள் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு நேரிற் போங்கள். காணி விடுவிப்பிலும் எமக்குக் கிடைத்தவை மனு எழுதி, வீதியில் இருந்து, மறுபடியும் மனு எழுதியே கிடைத்தன. சட்டத் திருத்தமும் அப்படியே வரும்.